200 நாட்டுக்கோழிக் குஞ்சு இறக்கப் போகிறீர்களா? எந்தச் சாமானை எப்படிப் பார்த்து வாங்குவது

நாட்டுக்கோழிப் பண்ணை ஆரம்பிக்கும் பலர் கொட்டகைக்கும் கம்பி வலைக்கும் கையிலிருக்கும் பணத்தை எல்லாம் போட்டுவிட்டு, குஞ்சு வரப்போகும் நாளுக்கு முந்தின நாள்தான் பல்பும் தண்ணீர் டிரிங்கரும் வாங்க ஓடுகிறார்கள். இது தலைகீழ். ஒரு பேட்ச்சில் குஞ்சு அதிகம் சாவது முதல் இரண்டு வாரத்தில்தான். குளிர் தாங்காமல் சாவது, தண்ணீர் கண்ணில் படாமல் வாடிச் சாவது, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிபட்டுச் சாவது என இந்த மூன்றையும் சரியான சாமானும் கொஞ்சம் கவனமும் இருந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதனால் கொட்டகைக் கூரையில் கொஞ்சம் சிக்கனம் பிடித்தாலும் பரவாயில்லை, இந்தச் சாமான்களில் பிடிக்காதீர்கள்.

கணக்குச் சொல்ல வசதியாக 200 குஞ்சு என்று வைத்துக்கொள்கிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதுவே போதும். 500 குஞ்சுதான் இறக்குவேன் என்றால் எல்லாவற்றையும் இரண்டரை மடங்காக்கி, இரண்டு மூன்று வட்டமாகப் பிரித்து வையுங்கள். ஒரே வட்டத்தில் 250 குஞ்சுக்கு மேல் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏதாவது ஒரு சத்தத்துக்கு மிரண்டால் எல்லாம் ஒரே இடத்தில் போய்க் குவிந்துவிடும்.

முதலில் சூடு

ஒரு நாள் குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே பிடித்துவைக்க முடியாது. மேலே இருப்பது மென்மயிர்தான், இறகு முளைத்து மூட இரண்டு மூன்று வாரமாவது ஆகும். தாய்க்கோழி இறக்கைக்குள் வைத்துக் கொடுக்கும் சூட்டை அதுவரை நாம் கொடுக்க வேண்டும். முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ், அடுத்த வாரம் 32, அதற்கடுத்து 29 என்று வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வந்தால் நாலாவது வார முடிவில் பெரும்பாலும் வெளிச்சூடே போதுமானதாகிவிடும். மார்கழியிலோ மலைப்பகுதியிலோ இன்னும் ஒன்றிரண்டு வாரம் நீளலாம்.

சூட்டுக்கு நம் ஊரில் வழக்கமாக நாலு வழி இருக்கிறது: குண்டு பல்பு, இன்ஃப்ராரெட் பல்பு, கேஸ் புரூடர் (கேஸில் எரிந்து குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் அடுப்பு), கரி.

200 குஞ்சுக்கு என் தேர்வு குண்டு பல்புதான். குஞ்சுக்கு 2 வாட் என்பது வழக்கமான கணக்கு, ஆக 400 வாட். இதை இரண்டு 200 வாட் பல்பாக வாங்காமல் நாலு 100 வாட் பல்பாக வாங்குங்கள். ராத்திரி ஒரு பல்பு ஃபியூஸ் போனால் கால் பங்கு சூடுதான் குறையும், மற்ற மூன்றை வைத்து விடியும்வரை சமாளிக்கலாம். கூடுதலாக நாலு பல்பு எப்போதும் கையில் இருக்கட்டும், ஏனென்றால் எல்.இ.டி வந்த பிறகு குண்டு பல்பு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எல்.இ.டி பல்பையே போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அது வெளிச்சம் கொடுக்கும், குஞ்சுக்குச் சூடு கொடுக்காது. மின்சாரம் மிச்சம் என்று அதைத் தொங்கவிட்டால் விடியும்போது குஞ்சு விறைத்துக் கிடக்கும்.

பல்பை வெறுமனே தொங்கவிட்டால் பாதிச் சூடு மேலே போய்விடும். மேலே ஒரு மூடி வேண்டும். கடையில் மூன்றடி அகலத் தகர மூடி ஹோல்டரோடு கிடைக்கிறது. பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து உள்ளே ஹோல்டர் மாட்டியும் செய்யலாம், கிராமத்தில் இன்னும் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கூடைக்குள் ஹோல்டரை ஓரத்தில் இல்லாமல் நடுவில் தள்ளிக் கட்டுங்கள், பல்பு மூங்கிலைத் தொட்டுக்கொண்டிருந்தால் கருகி நெருப்புப் பிடிக்கும். ஹோல்டர் செராமிக் ஆக இருக்கட்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் இரவுபகலாக எரியும் 100 வாட் பல்புக்குத் தாங்காமல் இளகிவிடும். அப்புறம் இதைத் தொங்கவிடுவது மின்வயரில் அல்ல, சங்கிலியில் அல்லது ஜி.ஐ. கம்பியில். சங்கிலி என்றால் கண்ணி கண்ணியாக ஏற்றி இறக்கிச் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் வசதி. கீழே காய்ந்த உமி, மேலே நாள் முழுக்க எரியும் பல்பு என்பதால், அறுந்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்ஃப்ராரெட் பல்பு 250 வாட்டில் வருகிறது. ஒன்று சுமார் நூறு குஞ்சுக்குப் போதும், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுவார்கள். நல்ல சாமான்தான், குளிர்ப் பகுதிக்கு நன்றாகப் பொருந்தும், ஆனால் மின்சாரச் செலவும் விலையும் அதிகம். கேஸ் புரூடர் ஆயிரம் குஞ்சு, அதற்கு மேல் வளர்ப்பவர்களுக்கு. பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகளில் அதைப் பார்த்துவிட்டு 200 குஞ்சுக்கும் வாங்க நினைக்காதீர்கள், இப்போது தேவையில்லை.

கரண்ட் போனால்?

இதை யோசிக்காமல் குஞ்சுக்கு முன்பணம் கொடுக்கவே கூடாது. வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று, புதிதாகவே இருந்தாலும், 400 வாட்டுக்குச் சுமார் மூன்று மணி நேரம் வரும், பழசாக இருந்தால் அதுவும் வராது. ஐப்பசி மழையில் இரவு ஒன்பது மணிக்குப் போன கரண்ட் காலையில்தான் வரும் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு குஞ்சுக்குச் சூடு இல்லை.

அதற்காக ஜெனரேட்டர் வாங்கச் சொல்லவில்லை. இரண்டு மண்சட்டி, ஒரு மூட்டை மரக்கரி போதும். கரியைக் கொட்டகைக்கு வெளியே பற்றவைத்து, புகை முழுக்க அடங்கி மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு உள்ளே கொண்டுபோங்கள். செங்கல் வைத்து அதன் மேல் சட்டி, சட்டியைச் சுற்றி குஞ்சு நெருங்க முடியாதபடி ஓட்டை போட்ட தகர டின். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கரி எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும், அதற்கு நிறமும் இல்லை வாசமும் இல்லை. குளிருக்குப் பயந்து, கொட்டகையின் பக்கவாட்டை மறைக்கும் படுதாவை முழுக்க இறுக்கி மூடினால் குஞ்சும் சாகும், உள்ளே படுத்திருக்கும் ஆளுக்கும் ஆபத்து. படுதாவின் மேல்பக்கம் ஒரு அடியாவது திறந்திருக்க வேண்டும்.

படுதா பேச்சு வந்ததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படுதாவை மேலே கட்டிக் கீழிருந்து சுருட்டும்படி போடாதீர்கள். கீழ்ப்பக்கம் நிலையாக இருந்து, மேலிருந்து இறக்கும்படி கயிறு கட்டுங்கள். அப்போதுதான் குளிர்க்காற்று நேராகக் குஞ்சு மேல் அடிக்காது, எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாடையும் மேல்வழியாக வெளியே போகும். கொட்டகைக்குள் நுழைந்ததும் உங்கள் கண் எரிந்தால் உள்ளே இருக்கும் குஞ்சின் கண்ணும் மூச்சுக்குழாயும் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும் என்று அர்த்தம்.

தடுப்புத் தகடு

குஞ்சு சூட்டைவிட்டு விலகிப் போகாமலிருக்கவும் மூலையில் குவியாமலிருக்கவும் வட்டமான தடுப்பு வேண்டும். சதுரமாக வைத்தால் நாலு மூலையும் ஆபத்துதான். உயரம் ஒன்றரை அடி போதும். அட்டையில் செய்யலாம், ஒரு பேட்ச்சோடு தூக்கி எறிய வேண்டும். மெல்லிய ஜி.ஐ. தகடு என்றால் பல வருடம் வரும், கழுவிக் காயவைக்கலாம், என் ஓட்டு தகட்டுக்குத்தான்.

எட்டடி நீளத் தகடு மூன்று வாங்குங்கள். முதல் இரண்டு நாள் முனைகளை நன்றாக ஏற்றி வைத்தால் ஆறடி விட்டத்தில் ஒரு வட்டம் கிடைக்கும். மூன்றாம் நாளிலிருந்து முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் ஏழடிக்கு மேல் விரியும். மூன்றும் சேர்ந்து போடும் பெரிய வட்டமும் பத்தாமல் போகும்போது, பெரும்பாலும் பத்து நாளுக்குள், தகட்டை எடுத்துவிட்டுக் கொட்டகையில் ஒரு பகுதியை மறைத்துவிடலாம். ஆனால் அங்கேயும் மூலைகளை அட்டை வைத்து வளைவாக்க வேண்டும். நாலு வாரம் வரை குஞ்சுக்கு அரை சதுர அடி என்று கணக்கு, ஆக 200 குஞ்சுக்கு 100 சதுர அடி தயாராக இருக்கட்டும். தகடு வாங்கும்போது விரலை ஓரத்தில் வைத்துப் பாருங்கள், வெட்டுமுனை கூர்மையாக இருந்தால் கடையிலேயே மடித்துத் தரச் சொல்லுங்கள், குஞ்சுக்கு மட்டுமில்லை, தினமும் கை வைக்கப் போவது நீங்கள்.

தரையில் போடுவது

நெல் உமிதான் நமக்குச் சுலபமாகக் கிடைப்பது, அதுவே போதும். காய்ந்த உமியாக இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். கடலைத் தோலும் பரவாயில்லை. பொடியான மரத்தூள் வேண்டாம், குஞ்சு அதைத் தீவனம் என்று தின்றுவிடும். உமியைக் கையில் அள்ளி மூக்குக்கருகே வைத்தால் பூஞ்சை வாடை அடிக்கக் கூடாது. பூஞ்சை பிடித்த கூளத்தால் குஞ்சுக்கு நுரையீரல் நோய் வரும்.

முதல் மூன்று நாள் உமி மேல் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உமியையே கொத்தித் தின்னும். வழவழப்பான பத்திரிகைத் தாள், பிளாஸ்டிக் ஷீட் எதுவும் வேண்டாம், கால் வழுக்கி வழுக்கிக் குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும், அப்படிப்பட்ட குஞ்சு பிறகு தேறுவது கஷ்டம்.

தண்ணீர் டிரிங்கர்

சாமான்களிலேயே மலிவானது இது, ஏமாறுவதும் இதில்தான் அதிகம். குஞ்சுக்கு என்று ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் அளவில் மேலே குடுவை, கீழே சிவப்பு அல்லது மஞ்சள் தட்டு வைத்த டிரிங்கர் எல்லாக் கோழிச் சாமான் கடையிலும் கிடைக்கும். 50 குஞ்சுக்கு ஒன்று, 200 குஞ்சுக்கு நாலு, கழுவிக் காயவைத்து மாற்றிப் போட இன்னும் இரண்டு, ஆக ஆறு வாங்குங்கள்.

கடையிலேயே ஒரு டிரிங்கரில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துத் தரையில் வைக்கச் சொல்லி, மற்ற சாமானை எல்லாம் பார்த்து முடித்த பிறகு திரும்பிப் போய்ப் பாருங்கள். தட்டில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றிருந்தால் வாங்கலாம். விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தால் குடுவையில் எங்கோ காற்று புகுகிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வழிகிற டிரிங்கர் கூளத்தை ஈரமாக்கும், ஈரக் கூளம் இரத்தக்கழிச்சலைக் கொண்டுவரும், அதற்கு மருந்து வாங்கும் காசில் நல்ல டிரிங்கர் பல வாங்கலாம். தட்டின் பள்ளம் குறுகலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அகலமாக இருந்தால் குஞ்சு இறங்கி நனையும், நனைந்த குஞ்சு விறைத்துவிடும். அகலத் தட்டுதான் கிடைத்தது என்றால் பள்ளத்தில் சுத்தமான கூழாங்கல் போட்டு வையுங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து டிரிங்கருக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்து உயர்த்துங்கள். தட்டின் விளிம்பு எப்போதும் குஞ்சின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும். குஞ்சு வளர வளரப் பலகையும் உயரட்டும். கொத்தினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரும் குழாய் முனை, அதாவது நிப்பிள் சிஸ்டம் நன்றாக இருக்கிறதே என்றால், ஆமாம், தண்ணீர் சுத்தமாக இருக்கும், கூளம் காய்ந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கு ஒரு நிப்பிள், தொட்டி, குழாய், அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். முதல் பேட்ச் முடிந்து கை பழகிய பிறகு யோசிக்கலாம்.

தீவனத் தட்டு

முதல் இரண்டு நாள் செய்தித்தாள் மேலேயே தீவனத்தைத் தூவலாம், காகித முட்டை அட்டையிலும் வைக்கலாம். கொத்தும்போது வரும் டப்டப் சத்தமே மற்ற குஞ்சுகளையும் இழுக்கும். கூடவே 50 குஞ்சுக்கு ஒன்று வீதம் நாலு தட்டையான தட்டு வைத்துப் பழக்குங்கள். மூன்றாம் நாளிலிருந்து நீளமான ஃபீடருக்கு மாறலாம், மேலே கம்பித் தடுப்போ உருளும் கட்டையோ இருப்பதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் குஞ்சு உள்ளே ஏறி நின்று எச்சமிடும். ஒரு குஞ்சுக்கு இரண்டரை சென்டிமீட்டர் இடம் வேண்டும், 200 குஞ்சுக்கு 500 சென்டிமீட்டர். இரண்டடி நீள ஃபீடரில் இரண்டு பக்கமும் சேர்த்து 120 சென்டிமீட்டர் கிடைக்கும், ஆக ஐந்து ஃபீடர். எத்தனை வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்காமல் இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். இடம் பத்தாவிட்டால் பெரிய குஞ்சு தின்று பெருக்கும், சின்னது பின்தங்கிக்கொண்டே போகும், ஒரு மாதத்தில் ஒரே பேட்ச்சா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அளவு வித்தியாசப்படும்.

ஃபீடரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், கிளறிக் கொட்டிவிடும்.

வெப்பமானி, பாதுகாப்பு, மற்றவை

வயரோடு சென்சார் உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். சென்சாரைச் சுவரில் மாட்டாதீர்கள். மூடியின் விளிம்புக்கு நேர் கீழே, தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், அதாவது குஞ்சின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும். அதே நேரம் வெப்பமானியைவிடக் குஞ்சைத்தான் நம்ப வேண்டும். பல்புக்கு அடியில் நெருக்கிக் குவிந்து கீச்சென்று கத்தினால் குளிர்கிறது, பல்பை இறக்குங்கள். தகட்டோரம் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் எங்கோ காற்று புகுகிறது, படுதாவைப் பாருங்கள். வட்டம் முழுக்கப் பரவி, சில தின்று, சில படுத்து, சில ஓடிக்கொண்டிருந்தால் சரி. சித்திரை வைகாசியில் நாமக்கல், ஈரோடு பக்கம் பகலில் கொட்டகையே 36, 37 டிகிரிக்குப் போகும், அப்போது பகலில் சூட்டு பல்பை அணைத்துவிட்டு இரவில் மட்டும் போடுங்கள்.

எலிக்கும் பாம்புக்கும் அரை அங்குலக் கம்பி வலை வேண்டும், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்காவது. ஒரு அங்குல வலை கோழிக்குச் சரி, குஞ்சுக்குப் போதாது, குட்டி எலி சாதாரணமாக உள்ளே வரும். ஒரே ராத்திரியில் இருபது முப்பது குஞ்சை எலி இழுத்துக்கொண்டு போனதாகச் சொல்லாத பண்ணைக்காரர் அபூர்வம். வாசலில் கிருமிநாசினித் தண்ணீர் ஊற்றிய கால் நனைக்கும் தொட்டி, கொட்டகைக்குள் மட்டும் போடும் ஒரு ஜோடி செருப்பு, இரண்டும் செலவில்லாத பாதுகாப்பு.

தடுப்பூசிக்கு ஒரு தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் வேண்டும். ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டாக விட வேண்டும், கம்போரோ என்ற வைரஸ் நோய்க்குப் பெரும்பாலும் இரண்டாவது வாரம் முடியும்போது போடுவார்கள். கடையிலிருந்து வெயிலில் சட்டைப் பையில் வைத்து எடுத்துவந்த தடுப்பு மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். உங்கள் பகுதிக்கான அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதிவாங்குங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் இருக்கின்றன, நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வாங்கும் முன் ஒருமுறை போய்ச் சாமானைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள், நிறையத் தெளியும்.

குஞ்சு வரும் நாள்

முந்தின நாளே வட்டம் போட்டு, பல்பு எரியவிட்டு, வெப்பமானி பார்த்து எல்லாம் ஓடுகிறதா என்று சரிபாருங்கள். வந்த பிறகு பல்பு மாட்டுவது வேலைக்காகாது, உமி சூடேறவே பல மணி நேரம் ஆகும். முதலில் தண்ணீர், சில மணி நேரம் கழித்துத் தீவனம். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிடுங்கள், 200 குஞ்சுக்கு இது பெரிய வேலை இல்லை.

தீவனம் போட்டு ஏழெட்டு மணி நேரம் கழித்து ஒரு பத்துக் குஞ்சைப் பிடித்துத் தீவனப்பையை விரலால் தடவிப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே மெத்தென்று உருண்டையாக இருந்தால் தீவனமும் தண்ணீரும் எடுத்திருக்கிறது. கல் மாதிரி கெட்டியாக இருந்தால் தண்ணீர் எட்டவில்லை, டிரிங்கரைச் சூட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்துங்கள், ஆனால் பல்புக்கு நேர் அடியில் வேண்டாம், தண்ணீர் வெந்நீராகிவிடும். காலியாக இருந்தால் தட்டு கண்ணில் படவில்லை, அல்லது குளிரில் நகரவே இல்லை.

நாலாவது வாரம் முடிந்து குஞ்சைப் பெரிய கொட்டகைக்கு மாற்றியதும் எல்லாச் சாமானையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, கிருமிநாசினி தெளித்து, முழு வெயிலில் காயவைத்து, எலி ஏறாத இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய உமியை ஒன்று விடாமல் அள்ளிக் கொட்டகைக்குத் தூரமாகக் குப்பைக்குழியில் போடுங்கள். தரைக்குச் சுண்ணாம்பு அடித்து இரண்டு வாரமாவது காலியாக விட்ட பிறகுதான் அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.